செஞ்சிக் கோட்டைக்கு வேலி வந்த கதை, வராத கதை

பொங்கல் லீவில் செஞ்சிக்குப் போய் வந்தேன். "செஞ்சிக்குப் போய் என்ன செஞ்சே?" என்று விடுதியில் பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவனும் அந்தச் சிலேடையைத் தானே கண்டுபிடித்த மாதிரி சிரித்தான். எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல என் வாய் என்ன தமுக்கா? அதனால் நம் கையெழுத்துப் பத்திரிகையிலேயே எழுதிவிடுகிறேன். கோடை லீவில் போகப் போகிறவர்களுக்கு உபயோகப்படும். ஆசிரியர் இரண்டு பக்கம்தான் என்றார். கொஞ்சம் நீண்டால் அவர் தலையங்கத்தைக் குறைத்துக்கொள்ளட்டும், யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

போனதற்குக் காரணம் சரித்திரப் பற்று என்று எழுத ஆசைதான். உண்மையில் என் அறைத்தோழன் காதரின் மாமா செஞ்சிக் கடைத்தெருவில் பிஸ்கோத்துக் கடை வைத்திருக்கிறார். மூன்று வேளைச் சாப்பாடும் படுக்கப் பாயும் இனாம். இனாமுக்கு முன்னால் சரித்திரம் எம்மாத்திரம்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் பதினேழு மைல், பஸ் சார்ஜ் எட்டணா. காலை ஆறரைக்கு ஏறினோம். உலகச் சண்டை முடிந்தும் பெட்ரோலுக்கு விமோசனம் வரவில்லை, பஸ் இன்னும் கரியில்தான் ஓடுகிறது. பின்னால் ஓர் உலையை மாட்டி, கிளீனர் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்கிறான். மேட்டில் நின்றுபோனால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். இரண்டு இடத்தில் தள்ளினோம். எட்டணா கொடுத்து ஏறியவன் நான். என்னை ஏற்றியது பஸ்ஸா, பஸ்ஸை ஏற்றியது நானா என்று டிரைவரைக் கேட்டேன். "நீ வாயால தள்ளுனா இன்னும் வேகமாப் போவும் தம்பி" என்றார். பின்சீட்டில் உட்காராதீர்கள். நான் வெள்ளைச் சட்டையில் ஏறிக் கறுப்புச் சட்டையில் இறங்கினேன்.

செஞ்சியில் இறங்கும்போது மணி ஒன்பது. கடைத்தெரு முனையில் ஒருவர் தமுக்கடித்துக்கொண்டிருந்தார். நம் முன்னோர் கட்டிய கோட்டை நம் கண்ணெதிரே இடிந்து போகிறது, அதைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கிறவர்கள் சாயந்திரம் நாலு மணிக்குச் சந்தைத் திடலுக்கு வந்து கை தூக்க வேண்டும், கடலூரிலிருந்து ஆபீசர் வந்து ஊர் அபிப்பிராயம் கேட்கிறார் என்பது செய்தி. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். இப்போதுதான் எங்கே பார்த்தாலும் மீட்டிங் ஆயிற்றே. நம்முடைய ஆட்சி வரப்போகிறது, நம்முடைய கோட்டையை நாம் காப்பாற்றாவிட்டால் யார் காப்பாற்றுவது என்று ஒருவர் கேட்க, நானும் ஆமாம் என்றேன். கோட்டையை அதுவரை நான் பார்த்ததுகூட இல்லை.

காதரின் மாமா இட்லி கட்டிக் கொடுத்தார். கோட்டை ஊருக்கு மேற்கே ஒரு மைல், நடந்தே போகலாம். திருவண்ணாமலை ரோட்டில் போகும்போதே மூன்று மலைகளும் தெரியும். பெரிய பெரிய பாறைகளை யாரோ கூடையில் கொண்டுவந்து கவிழ்த்துவிட்டுக் கூடையைத் திரும்ப எடுத்துப்போன மாதிரி இருக்கும். நடுவில் உள்ளது கிருஷ்ணகிரி என்று காதர் சத்தியம் செய்தான். அது நடுவிலும் இல்லை, அவன் காட்டியது கிருஷ்ணகிரியும் இல்லை.

உள்கோட்டையில் கல்யாண மகாலுக்கு எதிரே புல் தரையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம். கை கழுவிவிட்டு வருவதற்குள் ஒரு கறுப்பு ஆடு இட்லியைத் தின்றுவிட்டு, இலையையும் தின்றுவிட்டு, கட்டிய வாழைநாரை மென்றுகொண்டிருந்தது. ஆட்டுக்குச் சொந்தக்காரி ஓடி வந்தார். பெயர் அற்புதம், பக்கத்துக் கிராமத்து மாதாகோயில் தெருவில் வீடு. நாற்பது வயதிருக்கும். எங்களைத் திட்டுவதா ஆட்டைத் திட்டுவதா என்று யோசித்து இரண்டு தரப்பையும் திட்டினார். பிறகு தன் கூழைப் பங்கு போட்டு ஊற்றினார், கடித்துக்கொள்ள வெங்காயமும் கொடுத்தார்.

பேச்சுவாக்கில் தெரிந்தது இது. வெளியே இருக்கிற நிலமெல்லாம் பட்டா நிலம், இப்போது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிராகி நிற்கிறது. ஆடு வாய் வைத்தால் பிடித்துப் பட்டியில் அடைத்துவிடுவார்கள். புல்லும் தண்ணீரும் சும்மா கிடைப்பது கோட்டைக்குள் மட்டும்தான். அற்புதம் அக்காவின் புருஷன் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போனவர் போனவர்தான். வீட்டில் அடுப்பு எரிவது இந்த ஆடுகளால்.

காலையில் தமுக்குக் கேட்டீர்களா என்றேன். கேட்டாராம், சாயந்திரம் தானும் போய்க் கை தூக்கப் போகிறாராம். காதர் கூழை வாயில் வைத்தபடியே என்னைப் பார்த்தான். அவன் மாமா கடையில் எல்லாம் விவரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்: கோட்டையைக் காப்பாற்றுவது என்றால் உள்கோட்டையைச் சுற்றி முள்கம்பி வேலி, வாசலில் கேட்டு, ஆடு மாடு நுழையத் தடை. ஆடு சுவர் மேல் ஏறிக் கல்லைத் தள்ளுகிறது, செடியை மேய்ந்து மண்ணைக் கரைய விடுகிறது என்பது வேலி கேட்கிறவர்கள் கட்சி. காதர் இதை அப்படியே சொன்னான்.

அக்கா கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தார். "தமுக்கடிச்ச ஆளு ஆடுன்னு ஒரு வார்த்தகூட சொல்லலியே தம்பி" என்றார்.

வேலி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சந்தையில் விற்றுவிட வேண்டியதுதான், வேறென்ன என்றார். சொல்லிவிட்டு, எங்கள் இட்லியைத் தின்ற ஆட்டின் காதில் ஒட்டியிருந்த வாழைநாரை எடுத்துப் போட்டார். கை தூக்காதீர்கள் அக்கா, அது உங்களுக்கு எதிரான கேள்வி என்று நாங்கள் இருவரும் மாறி மாறிச் சொல்லிவிட்டுத்தான் மலையேறினோம்.

ராஜகிரி ஏற ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கால் பழகியவர்களுக்கு ஒரு மணி போதும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை பிளந்து கிடக்கிறது, மரப்பாலம் போட்டிருக்கிறார்கள். கீழே பார்க்காதே என்றேன், காதர் பார்த்தான், அதன் பிறகு பாலத்தை உட்கார்ந்தபடியே கடந்தான். உச்சியில் காற்று ஆளைத் தூக்கும். களஞ்சியம், குளம், கோயில், மசூதி எல்லாம் மேலிருந்து பார்க்கக் கொலுப் பொம்மை போல இருக்கின்றன. அக்காவின் ஆடுகள் சிந்திய மிளகு மாதிரி தெரிந்தன. அவை எங்கே சுவரை இடிக்கின்றன என்று தேடினேன். ஒன்று மட்டும் நிஜமாகவே ஒரு மதில் மேல் நின்றது. அங்கிருந்து கல் விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை. இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

இறங்கி ஊருக்குத் திரும்பினால் மறுபடி தமுக்கு. அதே ஆள், அதே தமுக்கு. செய்தி வேறு: நம் கோட்டைக்குச் சர்க்கார் பூட்டுப் போடப்போகிறது, நம் இடத்தில் நாம் கால் வைக்கக் கூடாதாம், இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் சாயந்திரம் நாலு மணிக்குச் சந்தைத் திடலுக்கு வந்து கை தூக்க வேண்டும். காலையில் எழுந்து நின்ற அதே டீக்கடைக்காரர்கள் இப்போதும் எழுந்து நின்றார்கள். பூட்டா, யார் வீட்டுக்கு யார் பூட்டுப் போடுவது என்று அதே மனிதர் கேட்டார். நான் இந்தத் தடவை ஆமாம் சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு விட்டுக்கொண்டேன்.

தமுக்குக்காரரிடம் போய், அண்ணே நீங்கள் எந்தக் கட்சி என்றேன். காலையில் ஜவுளிக்கடை முதலாளி கூப்பிட்டாராம்; கோட்டை அழகாக இருந்தால் வெளியூர்க்காரர்கள் வருவார்கள் என்று அவர் கணக்கு. மத்தியானம் மல்லாட்டை மண்டிக்காரர் கூப்பிட்டாராம். அறுவடை முடிந்ததும் தன் நிலத்தில் எருவுக்காக ஆட்டுக்கிடை போடச் சொல்கிறவர் அவர், ஆடு இல்லாவிட்டால் எருவுக்கு எங்கே போவது. "தோலு என்னுது, வாயி அவங்களுது. நீ இன்னா, பேப்பர்ல போடப் போறியா?" என்றார். போட்டுவிட்டேன்.

நாலு மணிக்குத் திடலில் நல்ல கூட்டம். மேஜைக்குப் பின்னால் ஆபீசரும் பஞ்சாயத்து பிரசிடெண்டும். முதலாளி தன் கேள்வியைக் கேட்கச் சொன்னார், மண்டிக்காரர் தன் கேள்வியைக் கேட்கச் சொன்னார். யார் கேள்வி என்பதிலேயே அரை மணி போயிற்று. விடையைப் பற்றி இரண்டு பேரும் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. கடைசியில் பிரசிடெண்டு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டையும் கேட்டுவிடுவோம் என்றார்.

நம் கோட்டையைக் காப்பாற்ற வேண்டுமா? திடலே கை தூக்கியது. அற்புதம் அக்காவும் தூக்கியிருந்தார். அதுவும் அரைகுறையாக இல்லை, அக்குள் தெரிய. நான் கூட்டத்தில் நுழைந்து அவரிடம் போய், என்ன அக்கா இது என்றேன்.

"காப்பாத்தணுமான்னு கேட்டா வேணாம்னா சொல்லுவாங்க? இடிஞ்சி வுழுந்தா என் ஆட்டு மேலதானே வுழும்."

நம் கோட்டைக்குப் பூட்டுப் போடலாமா, கூடாது என்பவர்கள் யார்? மறுபடி திடலே கை தூக்கியது. அக்காவும் தூக்கினார். ஜவுளிக்கடை முதலாளியின் கைகூடப் பழக்கதோஷத்தில் பாதி போய்விட்டுக் காதைச் சொறிந்துகொண்டு இறங்கியது. ஆபீசர் பேனாவைத் திறந்தார், மூடினார். முதல் கேள்விப்படி ஊர் சம்மதித்துவிட்டது, வேலி போட எழுதிவிடலாம் என்று முதலாளி சொன்னார். ஆபீசரும் தலையாட்ட ஆரம்பித்தார்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வாய் துறுதுறுத்தது, அவ்வளவுதான். ஓரத்தில் கிடந்த மாட்டுவண்டி மேல் ஏறி, நானும் ஒரு கேள்வி கேட்கலாமா என்றேன். வெளியூர்ப் பையன், ஏதோ வேடிக்கை என்று பிரசிடெண்டு சிரித்துக்கொண்டே சரி என்றார்.

"நாளையிலேர்ந்து இந்த அற்புதம் அக்காவோட ஆடுங்கள தன் நெலத்துல மேய விடப் போறவங்க யாரு? கை தூக்குங்க."

திடலில் ஒரு கை இல்லை. ஆடு கேட்ட மண்டிக்காரர் தன் செருப்பைப் பார்த்தார். அவர் நிலத்திலும் பயிர் நிற்கிறது. காலையில் எழுந்து நின்ற டீக்கடை மனிதர் எழுந்து போயே விட்டார். எல்லாரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

இது கேள்வியே இல்லை, குறும்பு என்றார் முதலாளி. "அப்ப மத்த ரெண்டும் இன்னா?" என்று பிரசிடெண்டு கேட்டார். ஆட்டுக்கு வேறு இடம் காட்டும்வரை வேலிப் பேச்சை ஒத்திப்போடலாம் என்று முடிவாயிற்று. ஆபீசர் எதையோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்தேன், ஆங்கிலம்.

நான் பந்தயத்தில் ஜெயித்தவன் போல நடந்தேன். பிஸ்கோத்துக் கடை வாசலில் காதர் என்னை நிறுத்தினான். "நீ செஞ்சதும் அதே வேலதான்டா" என்றான். எல்லாரையும் அவரவர் பயிரை நினைத்துப் பயப்பட வைத்தேனாம். வேண்டுமானால் அவனும் ஒன்று கேட்கிறானாம்: ஊர்ச் சொத்தை ஒரே ஒரு ஆள் ஆட்டுக்கு எழுதி வைக்கலாமா? கேட்டுவிட்டு என் கையைப் பார்த்தான். அது தானாகவே முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. அந்த ஊரில் அன்றைக்குக் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூடப் பொய்யில்லை. எல்லாவற்றுக்கும் சொன்ன பதிலும் பொய்யில்லை. அப்படியானால் ஊர் நிஜமாக என்னதான் நினைக்கிறது? எழுதும்போதாவது தெளியும் என்று பார்த்தேன். இல்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மலையைக் காலை ஏழு மணிக்குள் ஏறத் தொடங்குங்கள், கோடையில் பாறை தோசைக்கல். மேலே குடிக்கத் தண்ணீரை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். இட்லிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப பஸ் காலை எட்டுக்கும் பிற்பகல் மூன்றுக்கும், கரி இருந்தால். கோட்டை வாசலில் வேலி இருந்தால் என்னைத் திட்டாதீர்கள். இல்லாவிட்டால் பாராட்டவும் வேண்டாம். யாராவது கை தூக்கச் சொன்னால், தூக்குவதற்கு முன் அந்தக் கேள்வியில் ஆடு எங்கே இருக்கிறது என்று மட்டும் தேடிப் பாருங்கள். தேடிக் கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை எட்டு மணி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். அக்கா ஆடுகளை ஓட்டிக்கொண்டு ரோட்டில் வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். நேற்று தனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆடு இருக்கலாமா போக வேண்டுமா, ஊர் என்ன சொன்னது என்று கேட்டார்.

இருக்கலாம் அக்கா, இப்போதைக்கு என்றேன்.

"அத ஊரு சொல்லிச்சா தம்பி, நீ சொன்னியா?"

கிளீனர் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்திருந்தான். கரிப்புகை எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தது. நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று காதரைக் கேட்டால், ஒன்றுமே சொல்லவில்லை என்கிறான்.