தொட்டிக்குள் ஒருவர்

எண்பதுகளின் கடைசியில், ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் அதே பட்டறையில் வெல்டர். வீடு இருந்த ஈசூனிலிருந்து இருவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் வருவோம். அவர் கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்குவார். நான் ஏர்கானில் உட்கார்ந்து பயப்படுவேன். பயப்பட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தொட்டிக்குள் இறங்குகிறவர் தன் எண் பொறித்த டேக்கைத் தொட்டி வாசலில் உள்ள பலகையில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். வெளியே வந்ததும் அவரேதான் கழற்ற வேண்டும். கூடப் பிறந்தவனே ஆனாலும் இன்னொருவன் அதில் கை வைக்கக் கூடாது. பலகை காலியானால்தான் தொட்டியை மூடுவார்கள். அந்தப் பலகையை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போடப்போவதாகச் சொன்னார்கள். வேலை என் தலையில் விழுந்தது. அதுவும் புது மொழியில், சி பிளஸ் பிளஸ்ஸில்.

அதுவரை நான் எழுதிய கோபோல் மொழியில் தகவலெல்லாம் நடுக்கூடத்தில் கிடக்கும். எந்தப் பகுதியும் வந்து மாற்றிவிட்டுப் போகலாம். இது வேறு. தொட்டி என்றால் அதனிடம் என்ன இருக்கும், அது என்ன செய்யும் என்று முதலில் ஒரு 'கிளாஸ்' எழுத வேண்டும். அதை வைத்து உருவாக்கும் ஒவ்வொரு தொட்டியும் ஓர் 'ஆப்ஜெக்ட்'. எண்ணெய்த் தொட்டிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் பொதுவானதை ஒரு தடவை எழுதினால் போதும், இரண்டும் அதைப் பெற்றுக்கொள்ளும். உள்ளே யார் என்பதை 'பிரைவேட்' என்று வைத்துவிட்டால் வெளியாள் அதை மாற்ற முடியாது. தொட்டியிடம் கேட்கத்தான் முடியும். படித்ததும் எனக்குப் பலகைதான் ஞாபகம் வந்தது. பிரைவேட் என்றே போட்டேன்.

செக்‌ஷன் தலைவருக்குப் பிடிக்கவில்லை. தோ பாயோ பக்கத்து ஆள், நல்ல மனிதர், ஆனால் அவசரக்குடுக்கை. வெளியே வருகிறவர்களைக் கம்ப்யூட்டரில் பதியத் தொட்டி வாசலில் நிற்கும் ஆள் மறந்துவிடுவான் என்று, ஷிப்ட் முடிந்ததும் எல்லாத் தொட்டியையும் காலி என்று மாற்றிவிடும் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தார். என் தொட்டி அதை உள்ளே விடவில்லை.

"அத ஓப்பன் பண்ணி விடும்மா. வெள்ளிக்கிழமை டெமோ. ஓடலைன்னா உன்னத் திரும்ப டேட்டா என்ட்ரிக்கு அனுப்பிடுவாங்க லா."

அந்த டேட்டா என்ட்ரி நாற்காலியிலிருந்து எழுந்து வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிரைவேட் என்ற ஒரு வார்த்தையை மாற்றினால் தப்பித்துக்கொள்ளலாம். கீயில் விரலை வைத்தேன், எடுத்துவிட்டேன். துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வேலைப் பயத்தைவிட அந்தத் தொட்டிப் பயம் பெரியது, அவ்வளவுதான். காலியாக்க வேண்டாம், காலியா என்று கேட்டுக்கொள்ளட்டும் என்று அவர் புரோகிராமைத்தான் திருத்திக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஷிப்ட் முடிந்தது. பெரிய அதிகாரிகள் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். எல்லாத் தொட்டியும் காலி என்றது திரை, ஒன்றைத் தவிர. அதில் உள்ளே ஒருவர் இருப்பதாகவும் மூட முடியாதென்றும் வந்தது. தலைவர் முகம் கறுத்துவிட்டது. வாசல் ஆள் பதிய மறந்திருப்பான் என்று அதிகாரிகளிடம் சமாளித்துக்கொண்டே கப்பலடிக்குப் போன் போட்டார். தப்பு என் புரோகிராமில்தானோ, மாதாவே, காப்பாத்து என்று முணுமுணுத்தேன்.

இன்னும் எடுக்காத பலகையில் ஒரு டேக் தொங்குகிறதாம். யாருடையது என்று தலைவர் கேட்டு, எண்ணை உரக்கத் திருப்பிச் சொன்னார். தினமும் சட்டையைத் துவைக்கப் போடும் முன் பையிலிருந்து நான் எடுத்து வைக்கும் டேக்கின் எண் அது.

கடைசி வெல்டிங்கை முடித்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் உள்ளேயே இருந்துவிட்டாராம். பிரைவேட்டாகவே இருக்கட்டும் என்று தலைவர் மெல்லச் சொன்னது காதில் விழுந்தது. எனக்கோ, அடுத்த வாரம் பலகை இருக்காது, கம்ப்யூட்டர் மட்டும்தான் என்பதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் அவர் கையைப் பிடித்தவள் விடவில்லை.

"என்ன, கைய இப்படிப் பிடிச்சிருக்க?"

"உங்க டேக்க நான் யாரையும் தொட விடலைங்க" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பஸ் முழுக்க ஆட்கள் இருக்க, நான் அழுதுகொண்டிருந்தேன்.