மாமாவின் கடல் அறிக்கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் சொன்னதுதான் சரி. அதற்காக ஊர் பார்க்கத் தலையில் குட்டு வாங்கினேன், வாயாடி என்று பெயர் வாங்கினேன், இருந்தாலும் சரி சரிதான். இத்தனை வருடம் கழித்தும் அந்த விஷயத்தில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

எழுபதுகளின் கடைசி. மலாய் நாட்டில், லகாட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா, அம்மா இருவருக்கும் பால்மரம் வெட்டுகிற, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, அங்கே தண்டல், வேலையாட்களை மேய்க்கிறவர். விடியுமுன் ஆள் எடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடுவது அவர். மரம் நனைந்திருக்கிறதா என்று பட்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துச் சொல்வதும் அவர். பட்டை நனைந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லை என்றால் அன்றைக்குக் கூலி இல்லை. விடியலில் பெய்தால் அந்த நாள் போச்சு. வெட்டி முடித்த பிறகு பெய்தால் மரத்தடி மங்குக் கிண்ணத்தில் சேர்ந்த பால் தண்ணீரோடு வழிந்து போச்சு. ஞாயிறு ராத்திரி பெய்தால் திங்கட்கிழமை போச்சு. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், அதாவது லயத்தில், மழையை யாரும் வேடிக்கை பார்த்து நான் கண்டதில்லை. தகரக் கூரையில் முதல் துளி விழுந்த சத்தத்துக்கே அம்மா பாயில் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

அதனால் வானிலை அறிக்கை எங்களுக்குச் சாமி வாக்கு. அந்த வாக்கு வந்து இறங்குவது மாமாவின் ரேடியோவில். சாயங்காலச் செய்தி முடிகிற நேரத்தில் லயத்து ஆண்களும் பெண்களும் மாமா வீட்டு வாசலில் கூடிவிடுவார்கள். ரேடியோ சொல்வது எல்லோர் காதிலும்தான் விழும். ஆனாலும் மாமா அதை அணைத்துவிட்டு, தொண்டையைச் செருமி, தம் வாயால் ஒரு தடவை சொன்னால்தான் அது செல்லும். சொன்னபடி நடந்தால் மாமா சொன்னது பலித்தது. நடக்காவிட்டால் ரேடியோக்காரனுக்குப் புத்தியில்லை. இந்த ஏற்பாட்டில் மாமா ஒருநாளும் தோற்றதில்லை.

வருடக் கடைசியில் நீண்ட பள்ளி விடுமுறை வரும். அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து லோரியை துரை எங்களுக்கு விட்டுக்கொடுப்பார். லூமுட் கடலுக்குப் போய் வரலாம். போய் வரலாம் என்றுதான் பேச்சு. போனதில்லை. மூன்று வருடமாக, புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம் ரேடியோ வாயைத் திறக்கும். கடலில் பலத்த காற்று, அலைகள் பத்தடிக்கு மேல் எழும்பும், சிறு படகுகள் கடலுக்குப் போக வேண்டாம். மாமா ரேடியோவை அணைத்து, தொண்டையைச் செருமி, “லோரி போவாது” என்பார். ஊறவைத்த புளி வீணாகும். அம்மா வீட்டுக்கு வந்து பானையைக் கவிழ்த்து வைப்பாள்.

அம்மாவுக்குக் கடலைப் பார்க்க வேண்டும். வேறு எதையும் அவள் அப்படி வாய்விட்டுக் கேட்டு எனக்கு நினைவில்லை. அவளைப் பெற்றவர்கள் கப்பலில் வந்தவர்கள். அவள் பிறந்தது இதே லயத்தில், வளர்ந்தது இதே மரங்களுக்கு நடுவில். கடலைத் தாண்டி வந்தவர்களின் மகள் கடலையே பார்க்காமல் சாவதா என்று ஒருமுறை அப்பாவிடம் கேட்டாள். அப்பா, “அடுத்த வருசம் பாப்போம்லா” என்றார். அப்பாவுக்கு எல்லாமே அடுத்த வருசம்.

நான்காவது வருடம் எனக்குப் பதினொரு வயது. பள்ளியில் பூகோளத்தில் எண்பத்தெட்டு வாங்கியிருந்தேன். எண்பத்தெட்டு வாங்கிய பிள்ளையோடு ஒரே லயத்தில் குடியிருப்பது மற்றவர்களுக்கு லேசான காரியம் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம். ரேடியோ வழக்கம்போல ஆரம்பித்தது. இந்தத் தடவை நான் முழுதாகக் கேட்டேன். கிளந்தான், திரெங்கானு கடற்பகுதிகளில், என்றது ரேடியோ. பலத்த காற்று, பத்தடி அலை, சிறு படகு. மாமா அதை அணைத்தார். தொண்டையைச் செருமினார். நான் பூகோளப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நடுவில் போய் நின்றேன்.

“மாமா, அது கெழக்குக் கரை. லூமுட்டு மேற்குக் கரை. ரேடியோ நம்ம கடலச் சொல்லல” என்றேன்.

கூட்டம் சிரித்தது. மாமா கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்கு விளக்கும் பொறுமையோடு சொன்னார். “கடல் என்ன வாய்க்காலா, ஆளுக்கு ஒன்னு வெட்டி வச்சிக்கிறதுக்கு? எல்லாம் ஒரே தண்ணி. தொட்டில ஒரு பக்கம் கலக்குனா மறுபக்கம் ஆடாதா?”

எல்லோரும் தலையாட்டினார்கள். மூன்று வருடமாக எங்களைக் கரையேற்றாமல் வைத்திருந்த சாஸ்திரம் இதுதான். நான் வரைபடத்தை விரித்தேன். இந்தப் பக்கம் கிளந்தான், அந்தப் பக்கம் நாம், நடுவில் முதுகெலும்பு மாதிரி மலை. காற்று அங்கிருந்து வருகிறது, மலை தடுத்துவிடும் என்றேன்.

“காத்தத் தடுக்கும் சரி. தண்ணியத் தடுக்குமா?” மாமா குனிந்து வரைபடத்தைப் பார்த்தார். கிளந்தானில் விரலை வைத்து, கரையோரமாகவே கீழே இறக்கி, சிங்கப்பூரைச் சுற்றி வளைத்து, மறுபக்கம் மேலே ஏற்றி லூமுட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். “இப்படி வந்துராது?”

அந்த விரல் போன வழியை நான் இன்னொரு தடவை பார்த்தேன். விரல் எங்கும் தரையில் மோதவில்லை. ஆனால் நான் விடுகிற ஜாதியா?

“சிங்கப்பூரச் சுத்தி வர்றதுக்குள்ள அலைக்குக் கால் வலிச்சிரும் மாமா” என்றேன்.

குட்டு அப்போது விழுந்ததுதான். நன்றாகவே விழுந்தது. “லோரி போவாது” என்று மாமா உள்ளே போய்விட்டார். கூட்டம் கலைந்தது. சிரித்தவர்களில் ஒருவர்கூட, இந்தப் பிள்ளை சொல்வதில் ஏதாவது இருக்குமோ என்று வரைபடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அம்மா மட்டும் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை வாங்கி விளக்குப் பக்கம் வைத்துக்கொண்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

“நாம எங்க இருக்கோம்?”

காட்டினேன்.

“லூமுட்டு?”

அதையும் காட்டினேன். பால்கறை படிந்த தன் சுண்டுவிரல் நகத்தை இரண்டுக்கும் நடுவில் வைத்தாள். நகம் இரண்டையும் தொட்டது.

“இம்புட்டுதானா” என்றாள். புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்தாள்.

காலையில் நான் கண்விழித்தபோது வீடு முழுக்கப் புளிச்சோற்று வாசம். நெத்திலிச் சம்பலை அம்மா ஒரு மூடி போட்ட வாளியில் அடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா, “உங்கண்ணன் ஏசுவார்லா, நமக்கு ஏன் சூசா” என்று முனகினார். சூசா என்றால் தொல்லை. எங்கள் அப்பா தம் வாழ்நாளில் அதிகம் பயன்படுத்திய மலாய்ச் சொல் அதுதான். அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நானும் பின்னால் ஓடினேன். ஆப்பீஸ் முன்னால் லோரி நின்றது. அம்மா பின்பக்கப் பலகையில் கால் வைத்து ஏறி, வாளியை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

அவ்வளவுதான் செய்தாள். சத்தம் போடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. காலி லோரியில் ஒருத்தி வாளியோடு உட்கார்ந்திருக்கும் செய்தி லயம் முழுக்கப் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? முதலில் பக்கத்து வீட்டு அக்கா வந்து ஏறினாள். பிறகு இரண்டு பேர் பாயோடு வந்தார்கள். அரைமணி நேரத்தில் லோரி நிரம்பிவிட்டது. அப்பாவும் ஏறி மூலையில் ஒண்டிக்கொண்டார்.

மாமா வந்து லோரிக்கு முன்னால் நின்றார். “எறங்கு” என்றார், அம்மாவை மட்டும் பார்த்து.

“நீங்க சொல்லி நான் எறங்காத நாள் உண்டா, அண்ணே? இன்னிக்கி ஒரு நாள் எறங்க மாட்டேன்” என்றாள் அம்மா. வாளியை மடியோடு இறுக்கிக்கொண்டாள். இறங்கவில்லை.

மாமா லோரியில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போய்ச் சப்பாத்து மாட்டிக்கொண்டு, ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, டிரைவர் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினார். “பொணத்த எண்ணிக் கொண்டாற ஒரு ஆளு வேணும்ல” என்று அவர் டிரைவரிடம் சொன்னது பின்னால் உட்கார்ந்திருந்த எங்கள் எல்லோருக்கும் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார்.

கடல் என்ன செய்தது தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. கழுவி வைத்த தாம்பாளம் மாதிரி கிடந்தது. அலை என்று ஒன்று வந்து கணுக்காலை நனைத்துவிட்டு, தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்பதுபோலத் திரும்பிப் போனது. லோரிக்கார அண்ணன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “எங்கண்ணே பத்தடி?” என்று மாமாவைக் கேட்டார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமா லோரியை விட்டு இறங்கவில்லை.

நான் ஜெயித்துவிட்டேன். ஒவ்வொருவரிடமும் போய், நான் அப்பவே சொல்லல? நான் சொல்லல? என்று கேட்டு, ஆமாம் வாங்கிக்கொண்டேன். ஆனால் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு உள்ளுக்குள் ஏமாற்றம். பத்தடி அலையை மனத்துக்குள் மூன்று வருடமாக வளர்த்து வைத்திருந்தேன். என் பேச்சுப்படியே நடந்துகொண்ட இந்தச் சாதுக் கடலைப் பார்க்க எனக்கே சப்பென்று இருந்தது.

அம்மா மட்டும் எதையும் எதிர்பார்த்து வரவில்லை போல. கைலியை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்றாள். குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். சாப்பிடக் கூப்பிட்டபோது வந்தாள், சாப்பிட்டாள், மறுபடியும் போய் நின்றாள்.

மத்தியானம் தாண்டி அவள் மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தாள். “மழ வருது. பாயச் சுருட்டுங்க” என்றாள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. லோரிக்குள்ளிருந்து மாமா, “ரேடியோவுல சொல்லல” என்றார். அம்மா ஒரு பாயைச் சுருட்டத் தொடங்கினாள். இருபது வருடம் இருட்டில் மழையை மோந்து பார்த்தவளிடம் ரேடியோவைப் பற்றிப் பேசினால் அவள் என்ன பதில் சொல்வாள்?

அரைமணி நேரத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் கறுத்தது. எதிரே தெரிந்த குட்டித் தீவுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. காற்று அடித்தது பாருங்கள், பாய் ஒன்று பறந்து மரத்தில் மாட்டிக்கொண்டது. மழை கொட்டத் தொடங்கியது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எல்லோரும் லோரியின் தார்ப்பாய்க்குள் ஓடினோம். அலை எழும்பியது. பத்தடி இல்லை, இடுப்பளவு இருக்கும். ஆனால் அலைதான். மாமாவுக்கு உயிர் வந்துவிட்டது. “பாத்தியா? ரேடியோ சொன்னுச்சா இல்லியா?” என்றார். இது வேற காத்து, இது கெளந்தான் காத்து இல்ல, மேக்கேருந்து வருது என்று நான் தார்ப்பாய்க்குள்ளிருந்து கத்தினேன். அதுவும் சரிதான். பெரிய பிள்ளையான பிறகு படித்துச் சரிபார்த்துவிட்டேன்.

அப்போதுதான் பார்த்தேன். அம்மா வரவில்லை.

அவள் தண்ணீரிலேயே நின்றாள். முழங்காலுக்கு மேல் அலை மோதியது. முக்காடு போடவில்லை, கையைக்கூடக் குடையாகப் பிடிக்கவில்லை. முகத்தை மேலே தூக்கி மழையில் காட்டிக்கொண்டு நின்றாள். அப்பா கூப்பிட்டார், நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை. மாமா லோரியின் கண்ணாடியை இறக்கி, பெரட்டில் கூப்பிடுகிற குரலில் அவள் பெயரைக் கூப்பிட்டார். அந்தக் குரலுக்கும் அவள் திரும்பவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமாவோடு போட்டி போடுகிறாள், ஜெயிக்காமல் வர மாட்டாள் என்று நினைத்தேன். விடாதம்மா என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

மாமா கதவைத் திறந்து இறங்கினார். சப்பாத்தோடு மணலில் நடந்தார். இழுத்துக்கொண்டு வரப் போகிறார் என்று எனக்குப் பயமாகிவிட்டது. தார்ப்பாயை விட்டுக் குதித்து அவர் பின்னால் ஓடினேன். இருவருக்கும் நடுவில் போய் நிற்பது என்று முடிவு. குட்டு விழுந்தால் விழட்டும்.

மாமா தண்ணீர் விளிம்பில் நின்றார். “என்னா புள்ள இது. மழ பெய்யிது” என்றார்.

அம்மா திரும்பினாள். சிரித்துக்கொண்டிருந்தாள். மழை பெய்யும்போது அம்மாவின் முகத்தில் சிரிப்பை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“பெய்யட்டுமே, அண்ணே. இந்த மழ நம்ம மரம் எதுலயும் விழல” என்றாள்.

மாமா வலது கையை மெல்ல முன்னால் நீட்டினார். பட்டையைத் தொட்டுப் பார்க்கும் அதே உள்ளங்கையை வானத்தைப் பார்க்கத் திருப்பி, அதில் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். சப்பாத்துக்குள் அலை புகுந்தது. அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் முகம் என்னவோ மாதிரி ஆகிவிட்டது. அண்ணனும் தங்கையுமாக அப்படியே நனைந்துகொண்டு நின்றார்கள். சண்டையும் இல்லை, குட்டும் இல்லை.

எனக்கு எரிச்சலாக வந்தது. எங்கள் மரங்கள் லகாட்டில் இருக்கின்றன. லூமுட்டில் பெய்கிற மழை எப்படி அவற்றின் மேல் விழும்? இதைப் போய் ஒரு பெரிய செய்தி மாதிரிச் சொல்கிறாள், அதற்கு மாமாவும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். வீட்டுக்குப் போனதும் இரண்டு பேரையும் உட்காரவைத்து, மறுபடியும் வரைபடத்தை விரித்துக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.