ஒரு சஹனில் ஐந்து கைகள்

சொலூஷன் வாசனை. செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே செருப்புத் தைப்பவர் டப்பா மூடியைத் திறந்தால் போதும், ஐம்பது வயதையும் தூக்கிக்கொண்டு ஓர் இரும்பு ஏணியில் ஏறிவிடுகிறேன். தாராவியில், கீழே தோல்பை தைக்கும் பட்டறை, மேலே லாத்தாவின் அறை, நடுவில் அந்த ஏணி. தோலை ஒட்டும் பசையின் நெடி ஏணி வழியாக ஏறிப்போய் அவள் சோற்றில் உட்காரும். "எங்க வீட்டு மசாலா இதுதாம்ட்டி," என்பாள்.

லாத்தா என் சொந்த அக்கா இல்லை. அடுத்த சந்து. அவர்கள் முஸ்லிம்கள், நாங்கள் இல்லை; இரண்டு வீடும் திருநெல்வேலிப் பக்கம். அந்த வீட்டில் அக்காவை லாத்தா என்றார்கள், நானும் என்றேன். பிறகு நான் கல்யாணமாகிச் செம்பூர் ஃபிளாட்டுக்குப் போனேன். வசன கவிதை எழுதுகிறவள் என்று பெயர் வாங்கினேன். லாத்தாவின் புருஷன் இறந்தார். பட்டறை கொழுந்தன் கைக்குப் போயிற்று. கொழுந்தன் பொண்டாட்டியோடு ஒரு பேச்சு வளர்ந்து, லாத்தா மாடியில் தனி அடுப்பு வைத்தாள். ஒற்றை பர்னர் அடுப்பு.

அந்த வருஷம்தான் மானுடவியல் அம்மா வந்தார். வெள்ளைக்காரர். அரபு ஊர் ஒன்றில் வருஷக்கணக்கில் தங்கி, அங்கே குடும்பங்கள் எப்படிச் சேர்ந்து உண்கின்றன, எப்படிப் பிரிகின்றன என்று ஒரு புத்தகம் எழுதியவர். அரபி தண்ணீராக வரும், தமிழ் ஒரு சொல் வராது. அந்த அரபு வழக்கம் கடல் தாண்டி வந்து தமிழ் முஸ்லிம் வீடுகளில் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவருடைய அடுத்த தேடல். மொழிபெயர்க்க நான். லாத்தா வீட்டுக்கு அழைத்துப்போனதும் நான்தான். பெருமையோடு.

நோன்பு மாதம். கொழுந்தன் வீட்டில் நோன்பு திறக்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஏணியில் இறங்குவதற்கு முன் லாத்தா என் கையைப் பிடித்தாள். "ஏட்டி, குடிசையெல்லாம் இடிச்சுக் கட்டப் போறான்லா. ரெண்டு வருஷத்துல சர்வேக்காரன் வருவானாம். தனி அடுப்பு வச்சிருந்தாத்தான் தனிக் குடும்பம், தனி ரூம். இல்லன்னா நான் கொழுந்தன் பேருக்குள்ள போயிருவேன். அந்த அம்மா புஸ்தகத்துல நான் தனியாப் பொங்குறேன்னு எழுதிக்கச் சொல்லு. அச்சுல இருந்தா ஒருத்தனும் மறுக்க மாட்டான்."

"சொல்றேன் லாத்தா."

கீழே பெண்களுக்குத் தனியாக ஒரு சஹன் வைத்தார்கள். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாக உண்ணும் பெரிய தாம்பாளம். விருந்தாளிக்காகப் பரணிலிருந்து இறக்கிப் புளி போட்டுத் துலக்கியது. லாத்தா, கொழுந்தன் பொண்டாட்டி, அவளுடைய இரண்டு பெண்கள், நான். அந்த அம்மா சாப்பிடவில்லை, கேமராவோடு நின்றார். பள்ளிவாசல் பாங்கு கேட்டது. ஐந்து கைகள் ஒரே நேரத்தில் சோற்றுக்குள் போயின. அந்த அம்மாவின் கண் நனைந்தே விட்டது. அரபு ஊரில் கண்ட அதே தட்டு!

"தினமும் இப்படித்தானா என்று கேளுங்கள்," என்றார்.

கேட்டேன். லாத்தா நிமிர்ந்து, எல்லார் முன்னாலும், கொழுந்தன் பொண்டாட்டி காதிலும் விழும்படி சொன்னாள். "இன்னைக்கு நீங்க வந்ததால. மத்த நாள் எனக்கு மேல தனிச் சோறு."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: எங்கள் வீட்டுக்கு வாசல் எத்தனை இருந்தாலும் தட்டு ஒன்றுதான்.

ஏன் சொன்னேன்? நம் வீட்டுச் சண்டையை வெளியாள் முன் விரிப்பானேன் என்ற கூச்சம் என்று பல காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். அந்த வாக்கியம் நாக்கில் வந்து நின்றது. அதை விழுங்க மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

"சொன்னியாட்டி?" என்றாள் ஏணியடியில்.

"சொன்னேன்."

இரண்டு வருஷம் கழித்துப் புத்தகம் வந்தது. நன்றியுரையில் எனக்கு ஒரு வரி. கொழுந்தன் வீட்டுக்கும் ஒரு பிரதி, அன்பளிப்பு. பெயர்களை மாற்றியிருந்தார்கள், படத்தில் முகம் கிடையாது. கைகள் மட்டும். ஆனால் தோல் வெட்டும் கத்தி கிழித்த லாத்தாவின் கட்டைவிரலை எங்கள் சந்தில் யாருக்குத் தெரியாது? படத்துக்குக் கீழே என் வாக்கியம், லாத்தா சொன்னதாக.

சர்வேக்காரர்கள் வந்த அன்று லாத்தா அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினாளாம். கொழுந்தன் புத்தகத்தைப் பிரித்து நீட்டினான். "மதினி, அச்சுல வந்திருச்சு. நீங்க சொன்னதுதானே?" சர்வேக்காரன் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு, மேலும் கீழும் ஒரே குடும்பம் என்று போட்டுவிட்டுப் போனான்.

நான் சர்வே ஆபீசுக்கு ஓடினேன். மொழிபெயர்ப்பு தப்பு என்று எழுதிக் கொடுத்தேன். படத்தைக் காட்டி, "இந்த ஐந்தில் ஒரு கை என்னுடையது. நான் அந்த வீட்டு ஆளே இல்லை," என்றேன்.

அவன் படத்தைப் பார்த்தான், என் நெற்றிப் பொட்டைப் பார்த்தான். "அப்போ உங்களையும் அந்தக் குடும்பத்துல சேர்த்துரவா மேடம்?" என்று இந்தியில் கேட்டான். பக்கத்து மேஜை சிரித்தது. என் காகிதம் ஒரு கட்டுக்கு அடியில் போயிற்று. அந்த அம்மாவுக்கு மெயில் போட்டேன். வருந்துவதாகவும் அடுத்த பதிப்பில் ஓர் அடிக்குறிப்பு சேர்ப்பதாகவும் பதில் வந்தது. அடிக்குறிப்பில் ஒருத்தி குடியிருக்க முடியுமா?

ஒரு மாதத்தில் மாடி பட்டறையின் கோடவுன் ஆயிற்று. லாத்தா மும்ப்ராவில் மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். சயான் ஸ்டேஷன் வரை அடுப்பை நான் தூக்கிக்கொண்டு நடந்தேன். பிளாட்ஃபாரத்தில் வைத்துத்தான் வாய் வந்தது.

"லாத்தா, அன்னைக்கு நான் நீ சொன்னதைச் சொல்லல."

"தெரியும்."

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? கொழுந்தன் மவ அந்த வரியைப் படிச்சுத் தமிழ்ல சொன்னா. வாசலு எத்தனையாம், தட்டு ஒண்ணாம். நான் என்னைக்குட்டி அப்படிப் பேசிருக்கேன்? கேட்டதுமே உன் பேச்சுன்னு தெரிஞ்சுட்டு." சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கு இடமில்லை. "ஏன் சொன்ன?"

"கேக்க நல்லாருந்துச்சு."

"ஆமா. நல்லாத்தான் இருக்கு."

ஸ்லோ லோக்கல் வந்துவிட்டது. லேடீஸ் டப்பாவில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து என் கையிலிருந்து அடுப்பை வாங்கினாள். வண்டி அசைந்தது. நான் கூடவே நடந்தேன்.

"போன் பண்ணு லாத்தா."

"பண்ணுதேன். எங்கயாவது என்னைப் பத்தி எழுதுனா, நல்லாருக்கணும்னு எழுதாதட்டி."