முழிச்சிருந்தபடியே ஒரு கழுத்து ஆபரேஷன்

டெல்லியில ஒரு பெரிய ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர்ல இருபத்தாறு வருஷம் ஆயாவா இருந்தேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனா கழுத்து ரத்தக்குழாய் அடைச்சா என்னென்ன வழியில சரிபண்ணுவாங்கன்னு என்னைக் கேளுங்க, சொல்றேன்.

தொடை வழியா கம்பி விட்டு, அடைப்புல வலை மாதிரி ஸ்டென்ட் வெச்சு விரிக்கிறது ஒண்ணு. கழுத்தைத் திறந்து, குழாயை நீளவாக்குல கீறி, உள்ள படிஞ்ச கொழுப்பை வழிச்செடுத்து, மேல பேட்ச் வெச்சுத் தைக்கிறது இன்னொண்ணு. குழாயைக் குறுக்கே வெட்டி, சட்டைக் கையை உள்வெளியாத் திருப்புற மாதிரி திருப்பிச் சுத்தம் பண்றதும் உண்டு. இதுல எது ஒசத்தின்னு எங்க பெரிய டாக்டரும் சின்ன டாக்டரும் டீ ஆறிப்போற வரைக்கும் பேசுவாங்க.

கோமதியம்மா வந்தப்பவும் அதே பேச்சுதான். மோதி பாக் குவார்ட்டர்ஸ்ல இருக்கிற மகனைப் பார்க்க மன்னார்குடியிலேர்ந்து வந்தவங்க. எழுபத்திரண்டு வயசு. வந்த வாரமே வலது கை மரத்து, பேச்சு கொஞ்ச நேரம் குழறி, தானா சரியாச்சு. ஸ்கேன்ல பார்த்தா இடப்பக்கக் கழுத்துக் குழாய்ல பெரிய அடைப்பு. இப்படியே விட்டா அடுத்த தடவை பேச்சு திரும்பாம போகலாம்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க. குழாய் ரொம்ப வளைஞ்சிருக்கு, ஸ்டென்ட் வேணாம், திறந்துதான் செய்யணும்னு முடிவாச்சு. மயக்கம் கொடுத்துத் தூங்கவைக்கலாம்னார் சின்ன டாக்டர். கழுத்தை மட்டும் மரக்க வைப்போம், முழிச்சிருந்தா மூளைக்கு ரத்தம் போகுதான்னு அவங்களே காட்டிக்கொடுத்துடுவாங்கன்னார் பெரியவர்.

அதுக்கு ஒரு முறை உண்டு. கிளாம்ப் போட்டுக் குழாயை அடைச்சதும் நோயாளிகிட்ட கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கணும். கையில, அமுக்கினா கீச்சுன்னு கத்துற ரப்பர் பொம்மை இருக்கும். பேச்சும் பொம்மையும் நின்னா மூளைக்கு ரத்தம் பத்தலைன்னு அர்த்தம். உடனே ஷன்ட்னு ஒரு சின்ன டியூபைச் சொருகி ரத்தத்தை மேல அனுப்புவாங்க. சொருகறப்ப கொழுப்புத் துணுக்கு பெயர்ந்து மூளைக்கே போயிடற ஆபத்தும் இருக்கு. அதனால தேவையில்லாம அதைத் தொடமாட்டாங்க.

கோமதியம்மாவுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. "அம்மாஜி, நீங்க பேசுங்க"ன்னு என்கிட்ட சொன்னார் பெரிய டாக்டர். கழுத்தை மறைச்சுக் கட்டின பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம், அவங்க முகத்துக்கு நேரா ஸ்டூல் போட்டு உக்காந்தேன். மயக்க டாக்டர் கேள்வி எழுதின தாளைப் பார்த்து இந்தியில சொல்வார், நான் தமிழ்ல கேட்பேன்.

கிளாம்ப் போட்டாச்சு. ஊர் பேர் சொன்னாங்க. பிள்ளைங்க எத்தனைன்னு சொன்னாங்க. பொம்மை கீச்சு கீச்சுன்னுது. அடுத்து, "உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

பதில் இல்ல. பொம்மையும் நின்னுபோச்சு.

திரும்பக் கேட்டேன். ம்ஹும். "ஷன்ட் எடுங்க, ஜல்தி"ன்னார் பெரிய டாக்டர். நான் குனிஞ்சு முகத்தைப் பார்த்தேன். வாதம் வந்தா வாய் ஒருபக்கமா கோணும், எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். இவங்க வாய் கோணல. ரெண்டு பக்கமும் சமமா, சிரிப்பை அடக்கிக்கிட்டு இருந்துச்சு. பொம்மையை விட்ட விரல் போர்வை நுனியைத் திருகிக்கிட்டு இருக்கு.

அப்பத்தான் உறைச்சது. அந்தக் காலத்துப் பொம்பளை புருஷன் பேரைச் சொல்லுவாளா? நானும் அப்படி இருந்தவதான். ரேஷன் கார்டு, ஆதார்னு இந்த ஊர் வரிசையில நின்னு சொல்லிச் சொல்லி எனக்கு வெட்கம் விட்டுப்போச்சு.

டாக்டர் சாப் ஒரு நொடி பொறுங்கன்னு சொல்லிட்டுக் கேட்டேன். "அம்மா, அவர் எந்தச் சாமி பேரு?"

"திருப்பதியில நிக்கிறாரே, அவர் பேருதான். இத்தனை ஆம்பளைங்க முன்னாடி இதையெல்லாமா கேக்கிறது?"

பொம்மை திரும்பக் கத்துச்சு. டியூப் தட்டுலேயே கிடந்தது.

அப்புறம் நான் தாளை நம்பல. மருமக சமையல் எப்படின்னு கேட்டேன். அவ்வளவுதான், தையல் போட்டு முடியற வரைக்கும் வாய் ஓயல. என்னதான் சொல்றாங்கன்னு பெரிய டாக்டர் கேட்டார். மருமக சாம்பார்ல வெல்லம் போடுதாம்னேன். "தூங்கவெச்சிருந்தா நிம்மதியா வேலை பார்த்திருக்கலாம்"னார் சின்ன டாக்டர்.

எந்த முறை ஒசத்திங்கிறதை அவங்களே பேசிக்கட்டும். இப்ப தியேட்டர் வேலைக்கு வர்ற பொண்ணுங்களுக்கு நான் சொல்றது வேற. மானிட்டரைப் பார்க்க ஆள் இருக்கு, நீங்க முகத்தைப் பாருங்க. முதல்நாளே பக்கத்துல உக்காந்து, எதைக் கேட்டா வாய் திறப்பாங்க, எதைக் கேட்டா மூடிப்பாங்கன்னு தெரிஞ்சு வெச்சுக்குங்க. அன்னைக்கு நான் அதைச் செய்யல. தப்பு என்னோடதுதான்.

கோமதியம்மா ஆறாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனாங்க. நல்லாப் பேசினாங்க. அவர் பேரை மட்டும் கடைசி வரைக்கும் சொல்லல.