வாங்கின வரிசைப்படி

யார் என்ன கேட்டாலும் மாமா உடனே பதில் சொல்வதில்லை. கையில் இருக்கும் டிவிடியை விளக்குக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, இப்படியும் அப்படியும் சாய்த்துக் கீறல் பார்ப்பார். பிறகு அதன் நடு ஓட்டை வழியாகக் கேட்டவரையும் ஒரு பார்வை பார்ப்பார். அப்புறம்தான் வாய் திறக்கும். சாப்பிட வாருங்கள் என்றாலும் இப்படித்தான், கேஸ் கசிகிறது என்றாலும் இப்படித்தான். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவருடைய முகத்தை முழுதாகப் பார்த்ததைவிட, ஓட்டைக்குள் தெரியும் அந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்ததுதான் அதிகம்.

தொழில் அப்படி. மாமா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குக் கண்ணாடி வெட்டி, ஃபிரேமில் பொருத்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற வேலை. யாராவது திரும்பி வந்து எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்றால், "கண்ணாடி கரெக்டா இருக்கு. நீங்கதான் கண்ணைப் பழக்கணும்" என்பார். அவர்களும் பழக்கிக்கொள்வார்கள். வீட்டில் நாங்களும் அப்படியே பழகிப்போனோம்.

அவருடைய சேகரிப்பை 'சிடி' என்று சொல்லிவிடக் கூடாது. "எது சிடி? இது டிவிடி" என்று ஆரம்பித்தால் காபி ஆறிவிடும். வாடகைக் கடைகள் ஒவ்வொன்றாக மூடியபோது மாமா துக்க வீட்டுக்குப் போகிற முகத்துடன் போய், மூட்டையோடு திரும்பி வந்தார். அவற்றில் பாதியை அவர் பார்த்ததில்லை. பார்க்கவில்லையா என்று கேட்டதற்கு, "பார்க்கறதுக்கா வாங்குறாங்க?" என்றார். என் போனிலும் போட்டித் தேர்வுப் புத்தகங்கள் நூற்றுக்கணக்கில் இறங்கிக் கிடக்கின்றன. ஒன்றையும் நான் திறந்ததில்லை. ஆகவே இந்த விஷயத்தில் அவரைப் பார்த்துச் சிரிக்கும்போது கொஞ்சம் அடக்கியே சிரிக்கிறேன்.

டிவிடி ஓட்டும் கருவி கடைகளில் கிடைக்காமல் போன பிறகு மாமா ஒரு பெருந்திட்டம் தீட்டினார். சேர்த்த எல்லாவற்றையும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஏற்றிவிடுவது. அதன் பிறகு வீட்டில் யார் எந்த மூலையில் உட்கார்ந்து பட்டனைத் தட்டினாலும் டிவியிலோ போனிலோ படம் வந்து நிற்கும். "நம்ம வீட்டுக்குன்னே ஒரு சேனல் மாதிரி, மாப்ளே. யார்கிட்டயும் போய் நிக்க வேண்டியதில்ல" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் டிவி பார்த்ததில்லை. எப்போது போட்டாலும் பெட்டி ஏதோ ஒன்றை ஏற்றிக்கொண்டிருக்கும், அல்லது ஏற்றியதைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும். ரிமோட் பிளாஸ்டிக் உறைக்குள் போய்விட்டது. அதைத் தொடும் உரிமை மாமாவுக்கு மட்டும்தான்.

நான் வேலை தேடிக்கொண்டு அவர்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். அத்தை என் அப்பாவின் தங்கை. எங்கள் இரண்டு குடும்பத்துப் பிள்ளைகளில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்பதால், பெட்டி மக்கர் பண்ணும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவார்கள். நான் படித்தது பொருளாதாரம். "டிகிரி வாங்கினவன்தானே, பாரு" என்று மாமா நகர்ந்து இடம் கொடுப்பார். நான் அணைத்துவிட்டு மறுபடி போடுவேன். சில சமயம் சரியாகிவிடும். அப்போதெல்லாம் உயர்கல்வியின் மேல் அந்த வீட்டில் மரியாதை கூடும்.

ஏற்றுவதற்கு ஒரு வரிசை உண்டு. மாமா எதை முதலில் வாங்கினாரோ அது முதலில் ஏறும். நல்ல படம், கெட்ட படம் என்ற பேச்சே கிடையாது. "வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்பார். ஒரே சண்டைப் படத்தை அட்டை நிறம் மாறியதற்காக மூன்று முறை வாங்கியிருந்தார், மூன்றும் ஏறின. வாங்காமல் வந்தவை எல்லாம் கடைசி. வாஷிங் மெஷினுடன் இலவசமாக வந்த செயல்முறை விளக்கம், வங்கியில் கொடுத்த உடற்பயிற்சிப் பாடம், இன்னும் இப்படிச் சில. ஏறி முடிந்த பின் வாங்கியவை உறைக்குள் திரும்பிப் போகும். வாங்காதவை பால்கனியில் நூல் கட்டித் தொங்கும், புறாக்களை விரட்ட. புறாக்கள் அவற்றில் முகம் பார்த்துக்கொள்கின்றன.

அந்த வாங்காத கூட்டத்தில் அத்தையின் டிவிடியும் ஒன்று.

அத்தை பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டில் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பல வருடங்களுக்கு முன் அவர் பள்ளி ஆண்டு விழாவில் ஆசிரியர்கள் நாடகம் போட்டார்கள். ராஜாவாக நடிக்க இருந்த விளையாட்டு மாஸ்டர் அன்று காலையில் காலைச் சுளுக்கிக்கொண்டார். ஒத்திகையில் பக்கத்தில் இருந்து வசனம் எடுத்துக் கொடுத்த அத்தைக்கு மட்டும்தான் முழுப் பாடமும் மனப்பாடம். கிரீடத்தைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிட்டார்கள். அந்த மேடையைப் பற்றி அங்கிருந்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். மாமா அங்கே இல்லை. கடைக்கு லென்ஸ் பார்சல் வருகிற நாள். "சிடி போடுவாங்கல்ல, அது வரட்டும். நிம்மதியா உக்காந்து பார்க்குறேன்" என்று சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கும் அது சிடிதான்.

டிவிடித் தட்டு வந்தது. பெரிய டிவி வரட்டும் என்றார். டிவி வந்தது. நல்ல ஸ்பீக்கர் வரட்டும் என்றார். பிறகு பெட்டி வந்தது, பெட்டியோடு வரிசையும் வந்தது. அத்தை நடுநடுவே கேட்பார்; விளக்குக்கு நேராக ஒரு தட்டு உயரும், ஓட்டைக்குள் கண் தெரியும். "வரும். வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல."

இந்த வருடம் அத்தைக்குப் பணி ஓய்வு. உடன் வேலை பார்க்கும் டீச்சர்கள் ஒரு சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வருவதாக இருந்தது. புதிதாகச் சேர்ந்த இளைய டீச்சர்கள் அந்த ராஜாவைப் பார்க்காமல் நம்ப மாட்டோம் என்கிறார்களாம். மாமா நெஞ்சைத் தொட்டுக்கொண்டு வரிசையை ஒரே ஒரு முறை மீறினார். ஏற்றியும் விட்டார். தட்டு வழக்கப்படி பால்கனிக்குப் போனது.

பெயர் எழுதாத தட்டு அது. பெயரில்லாததற்குப் பெட்டியே எங்கிருந்தாவது ஒரு பெயரும் போஸ்டரும் தேடி ஒட்டிவிடும். அத்தையின் நாடகத்துக்கு, எந்த நாட்டிலோ தொலைந்துபோன ஒரு நாயைப் பற்றிய படத்தின் போஸ்டரை ஒட்டியிருந்தது. திரை நிறைய நாய். அத்தை கிட்டே போய்ப் பார்த்தார். "பரவால்ல, மேக்கப் நல்லாதான் போட்டிருக்காங்க" என்றார். மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் பெட்டி ஒரு தப்பைச் சொல்லலாமா? அன்றே உட்கார்ந்து நாயை அழித்தார். நாயோடு சேர்ந்து ராஜாவும் போனது டீச்சர்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

சனிக்கிழமை மாலை. வரிசையாக நாற்காலிகள், டீ, பிஸ்கட். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. "ஒரு நிமிஷம்" என்று மாமா பால்கனிக்கு ஓடி நூலை அறுத்தார். வெயிலும் மழையும் பட்ட தட்டு ஓரத்தில் உரிந்திருந்தது. புறா தன் பங்குக்கு ஒரு முத்திரையும் வைத்திருந்தது. அதைத் துடைத்து உள் அறைப் பெட்டியில் போட்டார். பெட்டி வாங்கியது, முனகியது, நாக்கை நீட்டுவதுபோல் திரும்ப வெளியே நீட்டியது. ஊதிப் போட்டார். மறுபடி நாக்கு. என்னை அறை வாசலில் நிறுத்தி, "இந்த ஒயரை ஆடாம பிடிச்சுக்கோ, மாப்ளே. லூசா இருக்கு" என்றார். பொருளாதாரம் படித்தவன் ஒயரைப் பிடித்தேன். அங்கிருந்து எனக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது.

கூடத்தில் தலைமை ஆசிரியை, "டிவி கிடக்கட்டும் டீச்சர். நீங்களே இருக்கீங்களே" என்றார். அத்தை வேண்டாம் என்று கையை ஆட்டினார். இளைய டீச்சர்கள் விடவில்லை. அத்தை சோபாவில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார். சுற்றிலும் பார்த்தார். டிவிக்கு அடியில் இருந்த ரிமோட்டை எடுத்தார். பிளாஸ்டிக் உறையை உருவிக் கீழே போட்டார்.

"கோட்டைக் கதவைத் திறந்து வையுங்கள்" என்றார். அது நான் அறிந்த குரல் இல்லை. டீ கிளாஸ்கள் பாதி வழியில் நின்றன. "எதிரி உள்ளே வருவதற்கல்ல. நான் வெளியே போவதற்கு."

நான் அறைக்குள் திரும்பி, "மாமா, இங்க வாங்க. வந்து பாருங்க" என்றேன்.

"இரு, எடுக்குது. எண்பது பர்சன்ட் வந்துடுச்சு" என்றார் அவர், பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நீ ஒயரை விடாத."

கூடத்தில் ரிமோட் வாளாகச் சுழன்றது. அத்தை முழு வசனத்தையும் சொன்னார். மந்திரியைத் துரத்தினார், மகனை மன்னித்தார், கடைசியில் கிரீடத்தைக் கழற்றித் தரையில் வைத்தார். இல்லாத கிரீடம்தான். ஆனால் குனிந்து வைத்தபோது முன் வரிசையில் ஒருவர் காலை இழுத்துக்கொண்டார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

அந்தச் சத்தம் கேட்டு மாமா முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தார். "வந்துடுச்சா? க்ளியரா இருந்துச்சா?" என்று டிவியைப் பார்த்தார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. இளைய டீச்சர்கள் டீ கிளாஸ்களுக்குள் குனிந்தார்கள். தலைமை ஆசிரியைதான், "ரொம்ப க்ளியர் சார். முடிஞ்சே போச்சு" என்றார்.

எல்லோரும் போன பிறகு மாமா நாற்காலிகளை அடுக்கினார். அப்படி அவர் அடுக்கி நான் பார்த்ததில்லை. அத்தை துண்டை மடித்துக்கொண்டிருந்தார். மாமா அந்தத் தட்டோடு பக்கத்தில் போய் நின்றார்.

"எனக்கு ஒரு தடவை செஞ்சு காட்டேன்."

அத்தை கோபப்படவில்லை. அவர் கையில் இருந்த தட்டை வாங்கினார். விளக்குக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார். பிறகு ஓட்டை வழியாக மாமாவை நிதானமாகப் பார்த்தார்.

"வரும்" என்றார். "வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல."

இது நடந்து சில மாதங்கள் ஆகின்றன. பெட்டி அறையில் இப்போது விளக்கு எரிவதில்லை. கடையை மூடிவிட்டு வந்ததும் மாமா ஒரு நாற்காலியை எடுத்துப் போய் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்துவிடுகிறார், முன் வரிசையில் இடம் பிடித்தவர் மாதிரி. கையில் தட்டு கிடையாது. இரண்டு கையும் முட்டி மேல். அத்தை காய் நறுக்குகிறார், அடுப்பைக் குறைக்கிறார், உப்புப் பார்க்கிறார். தண்ணீர் பிடிக்க வாசலைத் தாண்டும்போது மாமா காலை மடக்கி வழிவிடுகிறார். அத்தை உள்ளே திரும்பியதும், கோணலாகிப்போன நாற்காலியைச் சத்தமில்லாமல் மறுபடி நேராகத் திருப்பி வைத்துக்கொள்கிறார்.