கருகமணியும் கொரியாக் கடிதமும்

கருகமணி கோர்ப்பவளுக்குப் புருஷன் உயிரோடு இருக்க வேண்டும். ஓசூர்ப் பக்கம் மத்திகிரியைச் சுற்றியுள்ள ஊர்களில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்களில் கல்யாணம் என்றால் தாலியோடு கருகமணிச் சரமும் உண்டு. அதைக் கோர்த்தபடியே கடையில் வாங்க மாட்டார்கள். சுமங்கலி ஒருத்தி தலைக்குக் குளித்து, மஞ்சள் தடவிய நூலில், தன் கையால் கோர்த்துத் தர வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் அதைச் செய்தவள் என் நாத்தனார். அவள் புருஷன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாச் சண்டையில் போய்ச் சேர்ந்தார். சேதி வந்த அன்றைக்கே ஊசியும் நூலும் அவள் கையை விட்டுப் போயின. தம்பி வீட்டோடு வந்து இருந்துவிட்டாள். அவள் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த என் கையில் அந்த ஊசியைத் திணித்தார்கள்.

நான் ஆசைப்பட்டுக் கேட்ட வேலை அல்ல அது. எனக்கு ஆசையெல்லாம் கதை எழுதுவதில்தான். எட்டாவது வரை படித்திருந்தேன். கல்யாணத்துக்கு முன்பே நோட்டில் எழுதுவேன். கல்யாணத்துக்குப் பின் எழுத எங்கே நேரம்? விடிந்தால் ராகி திரிக்க வேண்டும், தண்ணீர் இறைக்க வேண்டும், குழந்தையைப் பார்க்க வேண்டும். அவளுக்கு இரண்டு வயது. ஒருநாள் மணியை எடுத்து மூக்கில் போட்டுக்கொண்டாள், நாத்தனார் மூக்குப்பொடியைக் காட்டித் தும்மவைத்து வெளியே எடுத்தாள். இந்தக் கூத்துக்கு நடுவில் நாலு வரி எழுதினால், களி கிண்டி முடிப்பதற்குள் ஐந்தாவது வரி மறந்து போயிருக்கும். அந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டியது. சொன்னால் யாருக்கும் புரிந்திருக்காது. சோற்றுக்குக் குறைவில்லை, அடிக்கிற புருஷனும் இல்லை, அப்புறம் என்ன கேடு என்றுதான் கேட்டிருப்பார்கள்.

கொரியாவில் சண்டை நின்றதும், சொந்த ஊருக்குத் திரும்ப மாட்டோம் என்ற கைதிகளைக் காவல் காக்க நம் பட்டாளம் போயிற்று. அதில் என் வீட்டுக்காரரும் போனார். போய்ச் சேர்ந்ததும் ஒரு கடிதம் வந்தது. மூன்று வரி. நான் நலம், இங்கே குளிர், குழந்தையைப் பார்த்துக்கொள். அதோடு சரி. ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று, கடிதம் இல்லை. உலகச் செய்தி எங்களுக்கு மணி கட்டிவந்த பொட்டலக் காகிதத்தில்தான் கிடைக்கும், அதுவும் ஒரு மாதப் பழசாக. ஏதோ ஒரு குண்டு, ஊரையே ஒரே நொடியில் சாம்பலாக்குமாம். மறுபடி சண்டை மூளலாமாம். அதற்குமேல் காகிதம் கிழிந்திருக்கும். மணியைத் தட்டில் கொட்டிவிட்டுக் கிழிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். மணியார்டர் மட்டும் தவறாமல் வந்தது. ஆனால் தன் புருஷன் செத்த பிறகும் இரண்டு மாதம் மணியார்டர் வந்ததை நாத்தனார் எனக்கு முன்பே சொல்லியிருந்தாள்.

மார்கழி பிறந்ததும் ஒரு பகல், பக்கத்து ஊர்ப் பண்ணைக்கார அம்மா வந்தார். தெலுங்குக் குடும்பம், மகளுக்குத் தையில் கல்யாணம். அவர் கொடுத்த மணியும் பவளமும் தங்கக் குண்டும் என் தட்டில் பாதி கோர்த்தபடி இருந்தன.

"ஏம்மா, ஊட்டுக்காரர்கிட்டேருந்து கடுதாசி ஏதாச்சும் வந்துச்சா?" என்றார்.

"இல்லீங்கம்மா."

"எத்தினி மாசமாச்சு? ஒண்ணும் தப்பா நெனக்காதே. அந்த மணியக் குடுத்துடு. கடுதாசி வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

மணியைத் திருப்பிக் கேட்பது என்றால், நீ அறுத்தவளாகக்கூட இருக்கலாம் என்று வாயால் சொல்லாமல் சொல்வது. அவர் வாங்கிப் போனால் ஊரே வாங்கிப் போகும். மூலையில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த நாத்தனாரைப் பார்த்தேன். அவளுடைய மூலை எவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அங்கே இரண்டு பேர் உட்கார இடம் இல்லை.

"நாளைக்கு ஓசூருக்கு நூல் வாங்கப் போறேங்கம்மா. தபாலாபீசுல கேட்டுட்டு வந்து சொல்றேன். ரெண்டு நாள் பொறுங்க," என்றேன்.

ஓசூருக்குப் போனேன், நூலும் வாங்கினேன். தபாலாபீசில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து, குழந்தை தூங்கிய நேரத்தில், அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் புருஷன் எனக்கு எழுதும் கடிதத்தை நானே எழுதினேன். அவர் முதலில் போட்ட கடிதத்தின் கவருக்குள் அதை வைத்தேன்.

கொரியாவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? குளிர் என்று அவர் எழுதியிருந்தார், அதைப் பிடித்துக்கொண்டேன். குடத்துத் தண்ணீர் கல்லாகிவிடுகிறது என்று எழுதினேன். கம்பி வேலிக்குள் ஒரு கைதி, தகர டப்பாவை வெட்டித் தேய்த்துப் பெண்டாட்டிக்கு மோதிரம் செய்கிறான் என்று எழுதினேன். அவன் ஊர் வடக்கே, அவள் சண்டையில் தப்பித் தெற்கே போய்விட்டாள், எந்தப் பக்கம் போவது என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில், அக்கா வேளைக்குச் சாப்பிடுகிறாளா என்று கேட்டு முடித்தேன்.

பண்ணைக்கார அம்மா முன்னால் அதைப் படித்தேன். படிக்கும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது. அவரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முகூர்த்தத்துக்கு முன்னாடி முடிச்சுக் குடுத்துடு," என்று எழுந்தார். அவர் போனதும் நாத்தனார் புளியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"எந் தம்பி பொறந்ததுலேருந்து என்னைச் சாப்பிட்டியான்னு கேட்டதில்ல."

நான் கடிதத்தை மடித்துக் கவருக்குள் திணித்தேன். அவள் கொட்டையை ஒதுக்கிவிட்டு, "அடுத்த கடுதாசியிலயும் என்னைக் கேக்கச் சொல்லு," என்றாள்.

அடுத்த கடிதம் எழுதத்தான் வேண்டியிருந்தது. பண்ணைக்கார அம்மா சும்மா இருப்பாரா? நாலு பேரிடம் சொன்னார். மணி கொண்டுவந்தவர்கள் எல்லாம், "அந்தக் கைதி என்னா ஆனான்?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார்கள். பத்து நாளைக்கு ஒரு கடிதம் என்று ஆயிற்று. ஊசி கையில், கைதி தலைக்குள். கதை எழுத நேரமில்லை என்று அழுதவளுக்கு இப்போது எழுதாமல் இருக்க வழியில்லை. எழுதும்போது சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். எழுதி முடித்ததும் பயம் பிடித்துக்கொள்ளும். என் வீட்டுக்காரர் உண்மையிலேயே போய்ச் சேர்ந்திருந்தால்? நான் கோர்த்த ஒவ்வொரு சரமும் ஒரு பெண்ணின் கழுத்தில் கிடக்கிறதே, அந்தப் பாவம் யாருக்கு? இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது என்று காலையில் சொல்லிக்கொள்வேன். மத்தியானம் மணித் தட்டை எடுத்தால் நம்பிக்கை வந்துவிடும். யாரிடமும் சொல்ல முடியாது, நிறுத்தவும் முடியாது. நானே கட்டிய வேலிக்குள் அந்தக் கைதியோடு நானும் கிடந்தேன்.

பங்குனியில் ஒரு பகல், டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் வந்து நின்றார். இளைத்திருந்தார், அவ்வளவுதான். குழந்தை அடையாளம் தெரியாமல் அழுதது. நானும் அழுதேன். ஏன் ஒரு வரி போடவில்லை என்று கேட்டேன்.

"எழுத என்னா இருந்துச்சு? கம்பி வேலி, பனி, கைதிங்க. இதையா எழுதறது?"

சாப்பிட்டு முடித்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பார் என்று பயந்தேன். கடிதங்களைக் கொண்டுவரச் சொல்லி, எழுத்துக் கூட்டி ஒவ்வொன்றாகப் படித்தார். நாத்தனார் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கடிதத்தை மடித்துவிட்டு அவர் சிரித்தார்.

"பரவால்ல, நல்லாத்தான் எழுதியிருக்கறேன்," என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "வெளிய சொல்லிடாத. எனக்கும் அசிங்கம், உனக்கும் பொழப்பு போயிடும்," என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். அதுதான் எனக்கு ஆத்திரம். அவர் உயிரோடு திரும்பியதற்கு விளக்கேற்றிவிட்டு வந்த கையால் அவரை ஒரு அறை விடலாம் போலிருந்தது.

மறுநாள் பண்ணைக்கார அம்மாவும் இன்னும் நாலைந்து பெண்களும் அவரைப் பார்க்க வந்துவிட்டார்கள். நான் சுவரோரம் ஒரு சரத்தோடு உட்கார்ந்திருந்தேன். கைதி என்ன ஆனான் என்று கேட்டார்கள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். எழுத ஒன்றும் இல்லை என்ற மனுஷனுக்குச் சொல்ல அவ்வளவு இருந்தது. கைதி தேம்பித் தேம்பி அழுதானாம். அவன் அழமாட்டான், மூன்று மாதம் நான் அவனோடு இருந்தவள். மோதிரத்தை இவர் கையில் கொடுத்துக் கும்பிட்டானாம். செய்யவே மாட்டான். கடைசியில் பெண்டாட்டியைத் தேடி வடக்கே போய்விட்டானாம். பெண்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். "படிச்ச மனுசன், என்னமா எழுதினாரு!" என்றாள் ஒருத்தி.

பண்ணைக்கார அம்மா மட்டும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இரு தம்பி. வடக்கேன்னா சொல்றே? பொஞ்சாதி தெக்கே இருக்கறான்னுதானே கடுதாசியில இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீதானேம்மா படிச்சே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரரும் பார்த்தார், நாத்தனாரும் பார்த்தாள்.

"ஆமாங்கம்மா," என்றேன். "நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்."