போவிட்டியா இலை

கினிகத்தேனை கடைத்தெருவில், ஊதாப்பூ ஒன்றிரண்டு ஒட்டியிருந்த போவிட்டியா இலைக்கட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டேன்.

எனக்குப் பத்து வயதானபோது அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அந்த இலை ஈரலுக்கு நல்லதென்று யாரோ சொல்ல, அப்பா தினமும் வேலை முடிந்து, தேயிலைத் தோட்டத்துக்கு மேலிருக்கும் காட்டில் ஏறித் தேடிப் பறித்து வருவார். தேங்காய்ப்பூ போட்டு அவரே சுண்ட வதக்கி, "கொஞ்சம் சாப்பிடு புள்ள" என்று அம்மாவுக்கு ஊட்டுவார்.

அம்மா விழுங்குவாள். அவர் குளிக்கப் போனதும் நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் போய் வாந்தியெடுப்பாள்.

"அப்பாகிட்ட சொல்லிடாதடி. பாவம், அவ்வளவு தூரம் ஏறிப் போறாரு."

ஒரு மாதத்தில் அம்மா இறந்துபோனாள். "அந்த எலதான் அவள ஒரு மாசம் வச்சிருந்துச்சு" என்று அப்பா கடைசிவரை எல்லோரிடமும் சொன்னார். நான் ஒருநாளும் மறுக்கவில்லை. அவரும் போய்ச் சேர்ந்த பிறகு, இப்போதுதான் இதைச் சொல்கிறேன்.